ஓர் எண்ணின் நதிமூலம்

ஒரே நிரல், ஒரே தரவு. விண்டோஸ் 10 கணினியில் ஓட்டினால் விடை 173.2. உபுண்டு 16 கணினியில் 172.4. ஆப்பிள் மேக்கின் மொஹாவி பதிப்பில் 172.7. 2019ஆம் ஆண்டு ஹவாய் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் இதைக் கண்டுபிடித்து ஆய்விதழில் எழுதினார்கள். அவர்கள் ஓட்டியது, மூலக்கூறுகளின் வடிவத்தை உறுதிசெய்ய உதவும் என்எம்ஆர் அளவுகளைக் கணக்கிடும், பைத்தான் மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல். 2014இல் மதிப்புமிக்க ஆய்விதழ் ஒன்றில் செய்முறை விளக்கத்தோடு வெளியானது. மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

பிழை மிகச் சின்னது. ஒரு கோப்புறையில் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று அந்த ஸ்கிரிப்ட் இயங்குதளத்திடம் கேட்கிறது. வருகிற பட்டியல் பெயர் வரிசையில்தான் இருக்கும் என்று நம்பி, இந்தப் பட்டியலின் முதல் கோப்பை அந்தப் பட்டியலின் முதல் கோப்போடும், இரண்டாவதை இரண்டாவதோடும் சேர்த்துக்கொண்டே போகிறது. ஆனால் அப்படி ஒரு வரிசைக்குப் பைத்தான் உத்தரவாதம் தருவதில்லை. சில இயங்குதளங்கள் பெயர் வரிசையில் கொடுக்கும், சில தங்கள் வசதிப்படி கொடுக்கும். ஜோடி மாறினால் ஒரு வடிவத்தின் ஆற்றல் இன்னொரு வடிவத்தின் அளவோடு போய் ஒட்டிக்கொள்ளும். அப்போதும் நிரல் நிற்காது, எச்சரிக்கை வராது. பார்த்தால் சந்தேகமே எழாத ஓர் எண் வந்து நிற்கும்.

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். கணினி கொடுக்கும் எண்ணின் மூலத்தைப் பார்த்தே ஆக வேண்டும். பார்ப்பதற்கு அந்த மூலம் எங்காவது எழுதப்பட்டும் இருக்க வேண்டும். 172.4 என்று மட்டும் கையில் இருந்தால், அது உபுண்டு கொடுத்ததா வேறொன்று கொடுத்ததா என்று அந்த எண் சொல்லாது.

ஓவியம் வாங்குகிறவர்கள், அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று விசாரிப்பார்கள். கைமாறிய அந்த வரலாற்றுக்கு ஆங்கிலத்தில் புராவனன்ஸ் என்று பெயர். கணினி வழியே அறிவியல் செய்கிறவர்கள் அதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். இங்கே அதை மூலத்தடம் என்று சொல்கிறேன். ஓர் எண்ணோ அட்டவணையோ படமோ எந்தத் தரவிலிருந்து, எந்த நிரலின் எந்தப் பதிப்பால், என்ன அளவுருக்களோடு, எந்தச் சூழலில், யாரால், எப்போது உண்டாக்கப்பட்டது என்ற பதிவுதான் அது.

இதற்கு ஒரு பொது இலக்கணமும் இருக்கிறது. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2013 ஏப்ரலில் புரோவ் என்ற தரத்தை வெளியிட்டது. அதன் அடிப்படை மூன்றே சொற்கள்: பொருள், செயல், செய்தவர். வினைமுதல், வினை, செயப்படுபொருள் என்று படித்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஒரு வரைபடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஒரு பொருள். வரையும் நிரலை ஓட்டிய செயலால் அது உண்டானது. அந்தச் செயல் சராசரி வெப்பநிலைக் கோப்பு என்ற இன்னொரு பொருளைப் பயன்படுத்தியது. அந்தக் கோப்பு வேறொரு செயலால் உண்டானது. இப்படியே போனால் கடைசியில் அளவுக்கருவி பதிந்த மூலத் தரவில் போய் நிற்போம். இந்தச் சங்கிலியில் அம்புகள் எல்லாம் பின்னோக்கியே பாய்கின்றன. ஒவ்வொரு பொருளும் தான் வந்த திசையைக் காட்டுகிறது.

பின்னோக்கிப் போகும் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள்: இந்த எண் எங்கிருந்து வந்தது? அதே சங்கிலியை மறுபக்கமிருந்து பிடித்தால் இன்னொரு கேள்வி கிடைக்கும்: இந்தக் கோப்பு தவறு என்று இன்று தெரிந்துவிட்டது, இதைத் தொட்ட முடிவுகள் எவை? என் அனுபவத்தில் இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் மூலத்தடம் அதிகம் தேவைப்படுகிறது. முதல் கேள்விக்கு ஞாபகத்தை வைத்து ஓரளவு பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதுக்கு ஞாபகம் உதவாது. ஒரு கோப்பு எங்கெல்லாம் பரவியது என்று யாருக்கும் நினைவிருப்பதில்லை.

புரதங்களின் வடிவத்தை ஆராய்ந்த ஜெஃப்ரி சாங் இதைக் கடுமையாக அனுபவித்தார். செல் சவ்வில் இருக்கும் புரதங்களின் அமைப்பை 2001 முதல் தொடர்ந்து வெளியிட்டுப் பெயர் பெற்றவர் அவர். 2006இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் அதே குடும்பத்துப் புரதம் ஒன்றின் அமைப்பை வெளியிட்டபோது, அது இவருடையதோடு ஒத்துப்போகவில்லை. தேடியபோது, வழக்கமான மென்பொருள் தொகுப்பைச் சேராத, ஆய்வுக்கூடத்துக்குள் புழங்கிய ஒரு சிறு நிரல் இரண்டு நெடுவரிசைகளை இடம் மாற்றியிருந்தது தெரிந்தது. அந்த மாற்றத்தில் குறி தலைகீழாகி, முழு அமைப்பும் கண்ணாடி பிம்பமாகப் புரண்டுவிட்டது. ஐந்து கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. வேண்டுமென்றே யாரும் எதுவும் செய்யவில்லை. ஒரு நிரல் வந்தது, வேலை செய்தது, அடுத்த வேலைக்கும் அடுத்ததற்கும் போனது. ஒரே பிழை அது போன இடமெல்லாம் போயிற்று.

இதைவிடக் கனமானது அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்தது. புற்றுநோய்க் கட்டியின் மரபணுச் செயல்பாட்டைப் பார்த்து, எந்த மருந்து எந்த நோயாளிக்குப் பலன் தரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியும் என்ற ஆய்வுகள் அங்கிருந்து வெளிவந்தன. 2007இல் அவற்றை வைத்து நோயாளிகளிடம் சோதனைகளும் தொடங்கின. எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் புள்ளியியலாளர்கள் கீத் பேகர்லியும் கெவின் கூம்ஸும் அந்த முடிவுகளைத் திரும்பக் கணக்கிட முயன்றார்கள். கட்டுரையில் இருந்த விவரங்கள் போதவில்லை. வெளியான பட்டியல்களையும் மூலத் தரவையும் வைத்து, என்ன செய்திருந்தால் இந்த எண்கள் வந்திருக்கும் என்று பின்னாலிருந்து ஊகித்துக்கொண்டே போனார்கள். தடயவியல் வேலை என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அவர்கள் கண்டது இது. மரபணுப் பட்டியல் ஒரு வரிசை நகர்ந்திருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அடுத்த மரபணுவின் எண் நின்றது. இன்னோர் இடத்தில் மருந்துக்கு இணங்குபவை, இணங்காதவை என்ற அடையாளங்கள் இடம் மாறியிருந்தன. இடம் மாறினால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். எந்த மருந்து பலிக்காதோ அதையே சிபாரிசு செய்யும் முறையாக அது ஆகிவிடும். இருவரும் 2009இல் தங்கள் கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். சோதனைகளுக்கு முடிவு வந்தது 2010இல். பிற்பாடு அந்த விவகாரத்தில் ஆய்வு நேர்மை மீறப்பட்டதாகவும் அதிகாரபூர்வமாகத் தீர்மானிக்கப்பட்டது. ஆனால் முதலில் வெளிப்பட்டவை நகர்ந்த வரிசையும் மாறிய அடையாளமும்தான். ஒவ்வொரு படியும் பதிவாகியிருந்தால் ஒரு பிற்பகலில் கண்டுபிடிக்கக்கூடியவை அவை. பதிவு இல்லாததால் இரண்டு தேர்ந்த மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது, அதற்குள் நோயாளிகள் சோதனையில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். இந்த விஷயத்தை நான் நூலகப் பராமரிப்பு வேலையாகப் பார்க்காமல் இருப்பதற்கு இந்த ஒரு சம்பவமே காரணம்.

மறுபடி செய்ய முடிவதும் மூலத்தடமும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. நிரல், அது நம்பியிருக்கும் நூலகங்கள் என்ற துணைநிரல் தொகுப்புகள், இயங்குதளச் சூழல் எல்லாவற்றையும் கன்டெய்னர் என்ற மென்பொருள் பெட்டிக்குள் போட்டு மூடி வைத்தால், பத்து ஆண்டு கழித்தும் அதே விடை வரலாம். நகர்ந்த பட்டியலை உள்ளே வைத்து மூடினால் நகர்ந்த விடையே ஒவ்வொரு முறையும் பிசகாமல் வரும். மூலத்தடம் என்பது பெட்டியைத் திறந்து, எந்தப் படியில் எது எதுவாக மாறியது என்று பார்க்க விடுவது.

எக்செல் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. செப்ட்2 என்று ஒரு மரபணு இருந்தது. எக்செல்லில் அதைத் தட்டினால் செப்டம்பர் 2 என்ற தேதியாக மாறிவிடும். மார்ச்1 என்ற மரபணு மார்ச் 1ஆம் தேதி ஆகும். எக்செல் கோப்பாக மரபணுப் பட்டியலை இணைத்து வெளியான கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இப்படிப்பட்ட பிழை இருப்பதாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் மென்பொருள் மாறுவதற்கு முன் மரபணுக்கள் மாறின. பெயர்களை முடிவு செய்யும் சர்வதேசக் குழு செப்டின்2, மார்ச்எஃப்1 என்று அவற்றுக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டது.

ஆனாலும் எக்செல்லை மட்டும் திட்டுவது நியாயமில்லை. கடன் சுமைக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பு பற்றி கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010இல் எழுதிய கட்டுரை உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. அதில் சராசரி எடுக்கும்போது ஐந்து நாடுகள் விடுபட்டிருந்ததை 2013இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் கண்டுபிடித்தார். ஆசிரியர்கள் தங்கள் கணக்குத் தாளை அப்படியே அவருக்குக் கொடுத்தார்கள். கட்டத்தைச் சொடுக்கினால் சூத்திரம் தெரிந்தது. சூத்திரத்தின் வீச்சு ஐந்து வரிசைக்கு முன்பே முடிந்திருந்தது. அந்தச் சூத்திரமே மூலத்தடம். விடையை மட்டும் நகலெடுத்து வேறொரு தாளில் ஒட்டியிருந்தால் பிழை அங்கேயே புதைந்திருக்கும். கணக்குத் தாளில் ஆபத்தான செயல் எது என்று என்னைக் கேட்டால், மதிப்பை மட்டும் ஒட்டு என்ற கட்டளையைத்தான் காட்டுவேன்.

சரி, எப்படிப் பதிவது? நல்ல முன்மாதிரிகள் சில துறைகளில் நெடுங்காலமாக இருக்கின்றன. வானியலாளர்கள் பயன்படுத்தும் ஃபிட்ஸ் கோப்பு வடிவில், தலைப்புப் பகுதியில் வரலாறு என்ற பொருள்படும் ஒரு குறிச்சொல் உண்டு. படத்தைத் திருத்தும் மென்பொருள்கள் தாங்கள் செய்ததை அதன்கீழ் வரி வரியாகச் சேர்க்கலாம். பருவநிலை ஆய்வில் புழங்கும் நெட்சிடிஎஃப் கோப்புகளிலும் அப்படி ஒரு பண்பு இருக்கிறது. சிடிஓ, என்சிஓ போன்ற கருவிகளால் ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றை உண்டாக்கினால், எந்த நாள், எந்த நேரம், என்ன கட்டளை என்று ஒரு வரி தானாகவே அதில் ஏறிவிடும். பழைய வரிகளும் கூடவே வரும். இருபது படி தாண்டி வந்த கோப்பின் தலைப்பைத் திறந்தால், அது நடந்து வந்த பாதை காலடி காலடியாகத் தெரியும். இதில் எனக்குப் பிடித்தது, பதிந்து வைக்க வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டியதே இல்லை. வேலையைச் செய்த கருவியே, செய்த கணத்திலேயே எழுதிவிடுகிறது. பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட குறிப்பு, நடந்ததைச் சொல்லாமல், நடந்ததாக நாம் நினைத்துக்கொண்டிருப்பதைச் சொல்லும்.

அந்த வரிகளுக்கும் ஒரு பலவீனம் உண்டு. அவை கோப்பின் பெயரைத்தான் சொல்லும். பெயர் அப்படியே இருக்க, உள்ளடக்கம் மாறிவிடலாம். அதற்குத்தான் ஹாஷ். கோப்பு முழுவதையும் ஒரு கணித வடிகட்டியில் செலுத்தி, எஸ்ஹெச்ஏ-256 முறையென்றால் 64 எழுத்து நீளத்தில், ஒரு கைரேகை எடுப்பது. கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் கைரேகை அடையாளம் தெரியாமல் மாறிப்போகும். நிரலின் பதிப்புகளைச் சேமித்துவைக்க 2005இல் வந்த கிட் என்ற கருவி, நிரலின் ஒவ்வொரு நிலைக்கும் இப்படித்தான் பெயர் வைக்கிறது. 1976இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த மேக் என்ற கருவி, எந்தக் கோப்பு எதிலிருந்து உண்டாகிறது என்று எழுதிக் கொடுத்தால், மாறியவற்றை மட்டும் திரும்பச் செய்யும். ஆனால் மாறியதா இல்லையா என்பதற்குக் கோப்பின் நேரத்தைத்தான் பார்க்கும். ஸ்னேக்மேக், நெக்ஸ்ட்ஃப்ளோ போன்றவை அந்தப் பரம்பரையில் வந்து இன்று ஆயிரக்கணக்கான படிகளை நடத்திவைக்கின்றன. பெரிய தரவுக் கோப்புகளை கிட்டோடு சேர்த்துத் தடம் பிடிக்க டேட்டாலாட் இருக்கிறது. சிஎம்ஐபி6 என்ற உலகளாவிய பருவநிலை மாதிரி ஒப்பீட்டில் ஒவ்வொரு கோப்புக்கும் தனி அடையாள எண் உள்ளேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. தவறு தெரிந்தால் எந்தக் கோப்பு என்று சந்தேகமில்லாமல் சுட்ட முடியும்.

எவ்வளவு நுணுக்கமாகப் பதிவது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. நிரல் இயங்குதளத்திடம் கேட்ட ஒவ்வொரு வேண்டுகோளையும் பதியும் முறைகள் உண்டு. அப்படிப் பதிந்தால் ஒன்றும் தப்பாது, ஒன்றும் புரியவும் புரியாது. என் கணக்கில், ஒரு கோப்பு இன்னொரு கோப்பாக மாறும் இடம்தான் சரியான அளவு. கூடவே ஒவ்வொரு படியிலும் உள்ளே போன வரிசைகள் எத்தனை, வெளியே வந்தவை எத்தனை என்று இரண்டு எண்கள். 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறையில் 15,841 கொரோனா தொற்று முடிவுகள் பட்டியலில் சேராமல் போயின. பழைய எக்செல் வடிவம் 65,536 வரிசைக்கு மேல் ஏற்காது, மிஞ்சியவை விழுந்துவிட்டன. அந்த இரண்டு எண்களையும் ஒப்பிட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

தரவும் நிரலும் சரியாக இருந்தாலும் எண் வேறுபடலாம். 0.1, 0.2, 0.3 மூன்றையும் கூட்டுங்கள். முதல் இரண்டை முதலில் கூட்டினால் பெரும்பாலான கணினி மொழிகளில் 0.6000000000000001 வரும். கடைசி இரண்டை முதலில் கூட்டினால் 0.6. தசம எண்களை இரும வடிவில் முழுதாகப் பிடிக்க முடியாததால் வரும் வேறுபாடு இது. ஆயிரம் செயலிகள் பங்கு போட்டுக் கூட்டும்போது, யார் முதலில் முடிக்கிறார் என்பதைப் பொறுத்துக் கூட்டும் வரிசை மாறும், கடைசி இலக்கங்களும் மாறும். அதனால் ஒவ்வொரு பிட்டும் ஒத்திருக்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் கேட்பது சரியாகாது. எதனால் மாறியது என்று சொல்ல முடிகிறதா என்று கேட்கலாம்.

1961இல் வானிலை அறிவியலாளர் எட்வர்ட் லோரன்ஸுக்கு நடந்தது இதற்கு நேரான சாட்சி. வானிலையைக் கணக்கிடும் தன் நிரலை நடுவிலிருந்து தொடங்கி மறுபடி ஓட்டினார். தொடக்க எண்களை முந்தைய அச்சுத்தாளைப் பார்த்துத் தட்டினார். கொஞ்ச தூரம் பழைய பாதையிலேயே போன வானிலை, பிறகு விலகி, இரண்டு மாதக் கணக்கில் முற்றிலும் வேறாகிவிட்டது. வெற்றிடக் குழாய் ஏதோ பழுது என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு உண்மை பிடிபட்டது. கணினியின் நினைவில் இருந்தது 0.506127. தாளில் அச்சானது 0.506. மூன்று இலக்கம் குறைவு, அவ்வளவுதான். தான் தட்டிய எண் எந்தத் தாளிலிருந்து, என்ன துல்லியத்தில் வந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் போயிருந்தால் குழாயை மாற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். சிறு வேறுபாடு பெரிதாக வளரும் என்ற கண்டுபிடிப்பு அந்த அச்சுத்தாள் கையில் இருந்ததால் வந்தது.

நிரலையும் விடையையும் கட்டம் கட்டமாக ஒரே பக்கத்தில் வைக்கும், இன்றைய ஆய்வாளர்கள் பெரிதும் விரும்பும் ஜூபிட்டர் நோட்புக்கில் ஒவ்வொரு கட்டத்தின் இடப்பக்கமும் ஓர் எண் இருக்கும். எந்த வரிசையில் அது ஓட்டப்பட்டது என்பதன் எண் அது. மேலிருந்து கீழே 7, 3, 12 என்று இருந்தால், அந்த விடைகள் வந்த வழியில் இனி யாரும், எழுதியவரே கூட, திரும்ப நடக்க முடியாமல் போகலாம். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இருந்த பதினான்கு லட்சம் நோட்புக்குகளைத் திரட்டி 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. ஓட்டிப் பார்க்க முடிந்தவற்றில் பிழையின்றி முடிந்தவை ஏறத்தாழ 24 சதவீதம். பழைய விடையையே கொடுத்தவை 4 சதவீதம். நூலகத்தின் பதிப்பைக் குறிக்காதது, கட்டங்களை முன்பின்னாக ஓட்டியது போன்ற சாதாரணக் காரணங்களே இதற்குப் போதும்.

இயந்திரம் பதிய முடியாதது ஒன்று இருக்கிறது: ஏன் என்பது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வெப்பநிலைத் தரவிலிருந்து 14 நிலையங்களை நீக்கினேன். நீக்கிய நிரல் வரி கிட்டில் இருக்கிறது, தேதி இருக்கிறது, என் பெயர் இருக்கிறது. ஏன் நீக்கினேன் என்று எழுதவில்லை. கருவி பழுதா, இடம் மாற்றப்பட்டதா, அல்லது வரைபடத்தில் அவை உறுத்தலாக நின்றதா? மூன்றாவது காரணமாக இருந்தால் அது அறிவியல் அல்ல. அதை மறுக்க என்னிடம் சான்று இல்லாததால் அந்தப் பகுதியை முழுவதும் திரும்பச் செய்தேன். ஒரு வரி எழுதியிருந்தால் மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். வரையும் ஒவ்வொரு படத்தின் வலது கீழ் மூலையிலும், நிரல் பதிப்பின் கைரேகையிலிருந்து எட்டு எழுத்தும் தரவுக் கோப்பின் கைரேகையிலிருந்து எட்டு எழுத்தும் சாம்பல் நிறத்தில் தானாக அச்சாகும். படத்தின் அழகு கெடுகிறது என்று கூடப் பணியாற்றுகிறவர்கள் சொன்னதுண்டு. சில மாதங்களுக்கு முன், இரண்டு ஆண்டுப் பழைய படம் ஒன்றில் ஒரு நிலையத்தின் மழையளவு மட்டும் ஏன் இத்தனை உயரம் என்று ஒருவர் கேட்டார். மூலையில் இருந்த எழுத்துகளை வைத்துத் தேடியதில், அந்த நிலையத்தின் ஒரு மாதம் மட்டும் மில்லிமீட்டருக்குப் பதிலாக அங்குலத்தின் நூறில் ஒரு பங்காகப் பதிவாகியிருந்தது தெரிந்தது. அதே தரவுக் கைரேகை உள்ள படங்கள் எவை என்று அடுத்துத் தேடினேன். இன்னும் இரண்டு இருந்தன. மூன்றையும் திருத்தி, அவற்றைப் பயன்படுத்தியவர்களுக்கு அன்று மாலையே எழுதிவிட்டேன்.